ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம்

பழங்காலக் கதை ஒன்றை மேடையேற்றப் போகிறோம் என்று சென்னையில் ஓர் அமெச்சூர் நாடகக் குழு முடிவெடுத்தவுடன், குழுவின் வாட்ஸ்அப்பில் முதலில் வந்து விழுவது நாடக உடைகளை வாடகைக்கு விடும் கடையின் தொலைபேசி எண்தான். அரசனுக்கு ஓரத்தில் ஜிகினா வைத்த மெரூன் வெல்வெட் அங்கி, அரசிக்குக் கண்ணாடிக் கல் பதித்த ஒட்டியாணம், காவலனுக்குத் தகர ஈட்டி, எல்லோர் தலைக்கும் பொற்காகிதம் ஒட்டிய கிரீடம். நாடு எதுவாயினும், நூற்றாண்டு எதுவாயினும் வருவது அதே மூட்டைதான். போன வாரம் ஏதோ ஒரு பள்ளி ஆண்டு விழாவில் கர்ணனுக்குப் போய்விட்டு வந்திருக்கும். அடுத்த வாரம் ராஜராஜனுக்குப் போகும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது சிலப்பதிகாரம். அதன் முப்பது காதைகளில் வஞ்சிக் காண்டத்தின் ஏழையும் விட்டுவிட்டு, புகாரையும் மதுரையையும் மட்டும் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும் இசை நாடகமாகச் செய்வது என்று திட்டமிட்டோம். குழுவில் வங்கி ஊழியர்கள், பள்ளி ஆசிரியைகள், சிறுசேரியில் மென்பொருள் எழுதிவிட்டு ஓ.எம்.ஆர். நெரிசலில் நீந்தி ஒத்திகைக்கு எப்போதும் தாமதமாக வந்து சேரும் இளைஞர்கள், தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்று எல்லோரும் உண்டு. ஒத்திகை மந்தைவெளியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் நடக்கும். என் பொறுப்பு மேடைப் பொருள்களும் மேடை அமைப்பும். நான் நடிப்பதில்லை, பாடுவதுமில்லை. ஆகையால் மற்றவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போது புத்தகத்தைப் படிக்க எனக்கு நேரம் இருந்தது.

அந்த வெல்வெட் மூட்டையின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். பழங்காலம் என்றவுடன் நம் மனக்கண்ணில் விரியும் காட்சிக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல் இராது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சுற்றிய பார்சி நாடகக் கம்பெனிகளின் வரைந்த திரைகளும் மினுமினுக்கும் உடைகளும் தென்னாட்டுக் கம்பெனிகளுக்கு வந்தன. அங்கிருந்து பேசும் படத்துக்கு, அங்கிருந்து தொலைக்காட்சித் தொடருக்கு. நடிகர்கள் மாறினார்கள், ஜிகினா மாறவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, சிறுவர்கள் விடிய விடியப் பாடி நடித்த நாடகங்களில் கோவலன் கதையும் உண்டு. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்றால் உச்ச சுருதியில் பாடியாக வேண்டும். ஆகவே நம் நினைவில் இருக்கும் கோவலனும் கண்ணகியும் உரக்கப் பாடுபவர்கள், உரக்கப் பேசுபவர்கள்.

சென்னையின் அமெச்சூர் மரபு வேறு வழியில் வந்தது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்கள் படித்து உத்தியோகம் பார்த்தவர்கள். பகலில் அலுவலகம், மாலையில் நாடகம். கம்பெனிக்காரர்களிடமிருந்து தங்களை வேறுபடுத்திக்கொள்ள அவர்கள் கைக்கொண்டவற்றில் முக்கியமானது உரைநடை வசனம். பாட்டு வயிற்றுப்பாட்டுக்காக நடிப்பவனுடையது, வசனம் கௌரவமானவனுடையது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அந்தப் பிரிவினை அப்படியே தங்கிவிட்டது. பின்னாளைய சபா நாடகங்களில் பெரும்பாலானவை வரவேற்பறை சோபாவைச் சுற்றியே நடந்து முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. எங்கள் குழுவிலும் அதே நிலைதான். நகைச்சுவை வசனம் கொடுத்தால் பிரமாதப்படுத்துவார்கள். நடுவில் எழுந்து நின்று பாடு என்றால் தொண்டை கட்டியிருக்கிறது என்பார்கள்.

இப்படி வெல்வெட்டுக்கும் வசனத்துக்கும் நடுவில் நாங்கள் தடுமாறிக்கொண்டிருந்தபோது கைகொடுத்தது அரங்கேற்று காதை. மாதவியின் ஆடல் அரங்கேற்றத்தைச் சொல்லும் இந்தக் காதையைப் பள்ளியில் நாங்கள் யாரும் மனப்பாடம் செய்ததில்லை. காரணம் எளிது, அதில் கதை மிகக் குறைவு. ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, மேடையை எப்படிக் கட்டுவது என்பதற்கு இளங்கோவடிகள் வருகிறார். கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளியுள்ள மூங்கிலை வெட்டி, இருபத்து நான்கு விரல் அளவுக்கு ஒரு கோல் செய்துகொள்ள வேண்டும். அந்தக் கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மேடைப் பலகைக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் நடுவே நான்கு கோல். போக ஒன்று, வர ஒன்று என இரண்டு வாயில்கள்.

விரல் என்பதைப் பெருவிரல் என்று உரையாசிரியர்கள் கொள்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, குழுவில் அதிக நெட்டையும் அதிகக் குட்டையும் அல்லாத ஒருவரைப் பிடித்து உட்கார வைத்து, அவருடைய பெருவிரலின் அகலத்தை அளந்து இருபத்து நான்கால் பெருக்கினோம். ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் வந்தது. அப்படியானால் அகலம் நாலு மீட்டருக்கும் குறைவு. நீளம் நாலரை மீட்டரை எட்டவில்லை. அடிக் கணக்கில் பன்னிரண்டரைக்குப் பதினாலரை. தரையிலிருந்து மேடையின் உயரம் இரண்டடி கூட இல்லை. தலைக்கு மேல் இருப்பது ஏழடிக்குச் சற்று அதிகம்; நம் வீட்டுக் கூடத்தின் உயரத்தை விடக் குறைவு. தண்ணீர்த் தொட்டிக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் இடையில் மஞ்சள் டேப்பை ஒட்டி முடித்தபோது, காவிரிப்பூம்பட்டினத்தின் அரங்கு எங்கள் மொட்டை மாடியில் கால்வாசி இடத்தைக்கூட அடைக்கவில்லை.

எங்கள் இயக்குநர் அந்த டேப்புக்குள் போய் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதுக்குள்ள பன்னெண்டு பேரை ஆட விட முடியாது. கத்தவும் வேண்டாம்" என்றார். நாடகத்தின் நடையை அந்த இரண்டு வாக்கியங்கள்தான் தீர்மானித்தன. சோழ மன்னன் வந்து உட்கார்ந்து பார்த்த மேடை இவ்வளவு சிறியது என்றால், அதில் ஆடியவளின் கண் அசைவும் விரல் நுனியும் பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாடியவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டிருக்க வேண்டும். எந்தச் சபா மேடையில் ஏறினாலும் அதற்குள் இதே அளவில் ஒரு பலகை மேடை போட்டு, அதைத் தாண்டி யாரும் கால் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். வெல்வெட் தானாகவே கழன்றுகொண்டது. அவ்வளவு நெருக்கத்தில் ஜிகினா கண்ணைக் குத்தும். மதுரை அறுவை வீதியில் பருத்தி நூலிலும் மயிரிலும் பட்டிலும் நெய்த துணிகள் அடுக்கி வைத்திருந்ததை ஊர்காண் காதை சொல்கிறது. அந்தத் துணியை நம்பி, தைக்காத கைத்தறியையே எல்லோருக்கும் உடுத்தினோம்.

விளக்கைப் பற்றி நூலில் இருப்பது ஒரே வரி: "தூண்நிழல் புறப்பட மாண்விளக் கெடுத்து". தூண்களின் நிழல் மேடைக்கு வெளியே போய் விழும்படி விளக்கை வைக்க வேண்டும் என்பது அதன் பொருள். இதில் என்ன பெரிய விஷயம் என்றுதான் முதலில் தோன்றியது. வாடகைக்கு எடுத்த எல்.இ.டி. விளக்குகளை அரங்கின் முன் கம்பியில் வழக்கம்போல் மாட்டியவுடன், மேடையின் முன்பக்க மூங்கில் தூண்களின் நிழல் கோவலன் முகத்தின் குறுக்கே வரிவரியாக விழுந்தது. விளக்குக்காரரிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். "யார் சார் சொன்னது, நம்ம ஆளா?" என்று கேட்டுவிட்டு, விளக்குகளைத் தூண்களின் உட்புறத்துக்கு மாற்றி மாட்டினார். நிழல் வெளியே போய்விட்டது.

திரைகள் மூன்று: ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒருமுக எழினி, இரு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் கூடும் பொருமுக எழினி, மேலே மறைந்திருந்து இறங்கும் கரந்துவரல் எழினி. மூன்றையும் செய்தோம். மூன்றாவது அடிக்கடி பாதியில் சிக்கிக்கொண்டு நின்றது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இசைதான் நிஜமான வழக்கு. எங்கள் தபால் துறைப் பெரியவர் இளமையில் மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவர். ஆர்மோனியம் இல்லாமல் இசை நாடகமா என்பது அவருடைய கேள்வி. இசையமைத்தவரோ முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்ற இளம்பெண். ஆர்மோனியத்தின் கட்டைகளில் கமகம், அதாவது சுரத்தை வளைத்தும் அசைத்தும் எடுப்பது, வராது, சுரங்கள் தனித்தனியாகத் துண்டு துண்டாக நிற்கும் என்பது அவருடைய பதில். இது பழைய சண்டைதான். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தள்ளி வைத்தபோதும் சொல்லப்பட்ட குறைகளில் இதுவும் ஒன்று. ஆனால் யாழ் எப்படிப்பட்ட கருவி என்பதை இரண்டு பேருமே அதுவரை யோசிக்கவில்லை. வீணையைப் போல ஒரே தந்தியை மெட்டின் மேல் இழுத்தும் அழுத்தியும் பல சுரங்களை எடுக்கும் கருவி அன்று அது. வில்லில் கட்டிய நரம்புகள், நரம்புக்கு ஒரு சுரம். பேரியாழுக்கு 21, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரையாசிரியர் அடியார்க்குநல்லார் கணக்கே கொடுக்கிறார். விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியான யாழ் நூலில் அந்தக் கணக்குகளைத்தான் மறுபடி கட்டியெழுப்பிப் பார்த்தார். நரம்புக்கு ஒரு சுரம் என்றால், கமகம் குறைந்த, சுரத்தின் மேல் நேராக நிற்கும் பாட்டுதான் அதனோடு இழையும். அந்த ஒரு குணத்தில் யாழுக்கு வீணையை விட ஆர்மோனியம்தான் நெருங்கிய உறவு! இதைச் சொன்னவுடன் பெரியவர் முகத்தில் வந்த வெற்றிச் சிரிப்பை இசையமைத்தவர் இன்னும் மன்னிக்கவில்லை.

இருந்தும் ஆர்மோனியம் வரவில்லை. அதன் ஓசை கேட்டால் பார்வையாளர்களின் காது உடனே கம்பெனி நாடகத்துக்குப் போய்விடும். இந்துஸ்தானிப் பாடகர்கள் மடியில் வைத்து மீட்டும் சுவரமண்டலை வாங்கினோம்; அதிலும் நரம்புக்கு ஒரு சுரம்தான். மேடையில் மாதவி கையில் இருப்பது மூங்கிலை வளைத்துக் காகிதக் கூழ் பூசி, காசிமேட்டில் வாங்கிய தூண்டில் நரம்பு கட்டிய பொம்மை யாழ். ஓசை திரைக்குப் பின்னாலிருந்து வரும்.

கானல்வரிக் காட்சியில்தான் இந்தக் கருவி தன் வேலையைக் காட்டியது. இந்திர விழா முடிந்து, கடற்கரை. மாதவி யாழைச் சுருதி கூட்டிக் கோவலனிடம் கொடுக்கிறாள். அவன் காவிரியைப் பார்த்துப் பாடுகிறான்: உன் கணவனாகிய சோழன் கங்கையோடு கூடினாலும் நீ ஊடுவதில்லை, வாழி காவேரி. மாதவிக்குச் சுருக்கென்கிறது. யாழை வாங்கி அவளும் அதே காவிரியைப் பாடுகிறாள்: நீ இப்படி அழகாக நடப்பதெல்லாம் உன் கணவனின் செங்கோல் வளையாததால்தான் என்று அறிந்தேன், வாழி காவேரி. பாட்டுக்குப் பாட்டு தொடர்ந்து, அவள் மனத்தில் வேறொருவன் இருக்கிறான் என்று அவன் எண்ணிக்கொண்டு எழுந்து போகிறான். வசனத்தில் ஒரு சண்டையும் இல்லை. முழுப் பிரிவும் பாட்டிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. பாட்டு வந்தால் கதை நின்றுவிடும் என்று அஞ்சும் நம் அமெச்சூர் நடிகர்கள் எல்லோரும் இந்தக் காட்சியை ஒரு முறையாவது நடித்துப் பார்க்க வேண்டும்.

சிக்கல் சுருதியில் வந்தது. எங்கள் கோவலன் பாடும் சுருதி ஒரு கட்டை. மாதவிக்கு ஐந்து கட்டை. யாழ் ஒன்றுதான், கைமாறுகிறது, நடுவில் நிறுத்தி நரம்புகளை மறுபடி கூட்டிக்கொண்டிருக்க முடியாது. இசையமைத்தவர் பண்டைத் தமிழிசையின் பாலை முறையைக் கையில் எடுத்தார். ஏழு சுரங்களுக்கு அன்றைய பெயர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். செம்பாலை என்பது இன்றைய அரிகாம்போதி ராகம் என்று ஆய்வாளர்கள் பலரும் கொள்கிறார்கள். அதே நரம்புகளில் எதையும் மாற்றாமல் இளியைக் குரலாக, அதாவது பஞ்சமத்தை ஆதார சட்சமாக வைத்துக்கொண்டால் கோடிப்பாலை பிறக்கும், அது கரகரப்பிரியா. ஒரு கட்டையின் பஞ்சமம் ஐந்து கட்டைதானே! கோவலன் செம்பாலையில் பாடிவிட்டு யாழை நீட்ட, மாதவி அதே நரம்புகளைத் தன் சுருதியில் தொட்டு கோடிப்பாலையில் தொடங்கினாள். ஒரு நரம்பையும் யாரும் திருகவில்லை. ஆனால் காந்தாரம் இறங்கிவிட்டது, பாட்டின் முகம் இருண்டுவிட்டது. மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்கள். இளங்கோவடிகள் இந்த இடத்தில் இதைத்தான் நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. கானல்வரிக்கு அடியார்க்குநல்லாரின் உரை நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டோம்.

ஆய்ச்சியர் குரவையில் அமெச்சூர் குழுவுக்கென்றே செய்ததுபோல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. மதுரையில் தீய நிமித்தங்களைக் கண்ட மாதரி, ஏழு ஆயர் பெண்களை வட்டமாக நிறுத்தி, குரல் முதல் தாரம் வரை ஆளுக்கு ஒரு சுரத்தின் பெயரை இடுகிறாள். நாங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒவ்வொருத்தியும் தன் சுரம் வரும்போது மட்டும் வாயைத் திறப்பது என்று வைத்தோம். எங்கள் ஏழு பேரில் ஓர் ஆசிரியைக்குப் பாட்டு அறவே வராது. ஆனால் ஒரு சுரத்தைப் பிடித்துக் கொடுத்தால் அதை விடமாட்டார். அவரை இளியாக நிறுத்தினோம். முல்லை என்னும் பழைய பண்ணை இன்றைய மோகன ராகம் என்று கொள்வதால் பாட்டு மோகனத்தில் அமைந்தது. உழை, தாரம் என்ற இரண்டு சுரங்களுக்கும் அதில் வேலை இல்லை. அந்த இரண்டு பெண்களும் தாளத்தை மட்டும் பிடித்தார்கள். "எங்களை மட்டும் ஏன் சார் சும்மா நிக்க வெச்சீங்க?" என்ற அவர்களின் புகாருக்கு இன்றுவரை நல்ல பதில் இல்லை.

என் சொந்தத் தலைவலி சிலம்பு. பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம், உடைத்தால்தான் தெரியும், உடைக்கும்போது பரல் அரசனின் வாயருகே போய்த் தெறிக்க வேண்டும். உலோகச் சிலம்பு உடையாது. பிளாஸ்டிக் உடைந்தாலும் ஓசை பொய் சொல்லும். கடைசியில் கொசப்பேட்டையில் விநாயகர் சிலைகள் செய்யும் ஒரு குயவரிடம் போய், உள்ளே குழிவான வளையமாக மண் சிலம்புகள் செய்து சுடச் சொன்னேன். சுட்ட பிறகு ஒரு சிறிய துளை வழியாகச் சிவப்புக் கண்ணாடி மணிகளைப் போட்டு, மெழுகால் அடைத்து, பொன் நிறம் பூச வேண்டும். கையில் எடுத்து அசைத்தால் கலகலவென்று வரும் அந்த ஓசையில், மண்ணா பொன்னா என்று மேடையிலிருந்து சொல்ல முடியாது. முதல் மேடை ஒத்திகையில் கண்ணகி ஓங்கி எறிந்த சிலம்பு பலகையில் பட்டு, துள்ளி, உருண்டு போய் முழுசாகப் பாண்டியன் காலடியில் நின்றது. மன்னன் சிரித்துவிட்டான். மறுநாள் அந்த இடத்தில் பலகையை அறுத்து ஒரு கருங்கல் துண்டைப் பதித்து, மேலே அதே நிறத்தில் துணி ஒட்டினோம். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் சுக்குநூறாக உடைந்தது. பாண்டியனாக நடிப்பவர் கண்ணாடி அணிபவர். அந்தக் காட்சிக்கு மட்டும் அதைக் கழற்றமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். மணி தெறிப்பதைப் பார்த்த பிறகு அவரோடு யாரும் வாதாடவில்லை.

கண்ணகியாக நடித்த பெண்ணுக்கு வேறு போராட்டம். சென்னையில் வளர்ந்தவர்களுக்குக் கண்ணகி என்றால் மெரினாதான்: உலகத் தமிழ் மாநாட்டையொட்டி 1968இல் நிறுவி, 2001இல் அகற்றி, 2006இல் மறுபடி நிறுத்திய சிலை. விரித்த கூந்தல், நீட்டிய கை, கையில் சிலம்பு. ஒத்திகையில் அவர் எப்படி நின்றாலும் கை தானாக அப்படி உயர்ந்துவிடும். பார்க்கிறவர்கள் மனமும் கைதட்டத் தயாராகிவிடும். பன்னிரண்டடி மேடையில், அரசனுக்கு மூன்றடி தள்ளி நிற்பவள் அப்படிக் கையை நீட்டினால் அவன் மூக்கில்தான் இடிக்கும். "தேரா மன்னா" என்பதை அவர் கடைசியில் கிட்டத்தட்டத் தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல் தாழ்ந்த குரலில் சொன்னார். அரசன் கேட்பதற்காகக் கொஞ்சம் முன்னால் குனிந்தான். அந்தக் குனிவை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. குரல் கேட்கவில்லை என்பதால் வந்தது. எழுதி வைத்துக்கொண்டோம்.

நாடகம் முடிந்து ஆழ்வார்ப்பேட்டை அரங்கின் வாசலில், பார்க்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு இதில்தான் மனத்தாங்கல். "பாட்டெல்லாம் நல்லா இருந்தது தம்பி. ஆனா அந்த வழக்குரை காதையில ஒரு கர்ஜனை வேண்டாமா? நாங்க அதுக்குத்தானே வந்தோம்" என்றார் ஒரு தமிழாசிரியர். பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி, "எனக்கு இன்னிக்குத்தான் அவ அழுதுட்டு வந்திருக்கான்னே தெரிஞ்சுது" என்றார். இருவரும் ஆட்டோ ஏறும் வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள்.

இப்போது ஒரு கல்லூரி அழைத்திருக்கிறது. திறந்தவெளி அரங்கு, நாற்பதடி மேடை, வலிமையான ஒலிபெருக்கிகள். மேடையை நிரப்புங்கள், குரவைக்கு எங்கள் மாணவிகள் ஐம்பது பேரைத் தருகிறோம் என்கிறார்கள். பெரியவர் சரி என்கிறார். இசையமைத்தவர் கூடாது என்கிறார். இயக்குநர் எங்கள் பலகை மேடையைப் பிரித்து லாரியில் ஏற்ற என்ன வாடகை ஆகும் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். கொசப்பேட்டையில் சிலம்புகளுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. கருங்கல்லை அங்கே எந்த இடத்தில் பதிப்பது என்று மட்டும் யாராவது எனக்குச் சீக்கிரம் சொன்னால் நல்லது.